சிவப்புக் காவல்காரன் விழித்திருக்கிறானா?

ஆயுத பூஜை அன்று நம் ஊர்த் தொழிற்சாலைகளையும் ஆபீஸ்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் கண்ணுக்கு விருந்துதான். லாரிக்கு மாலை, லேத்துக்குச் சந்தனம், கம்ப்யூட்டருக்குக் குங்குமம். வாசல் ஓரத்துச் சுவரில் தொங்கும் சிவப்பு உருளையைக்கூட யாரும் விட்டுவிடுவதில்லை. அதற்கும் ஒரு பொட்டு வைத்துக் கும்பிடு போடுகிறார்கள். சில இடங்களில் அந்தப் பொட்டு, உருளையின் தலையில் இருக்கும் சின்ன மீட்டரின் கண்ணாடி மேலேயே அழகாக உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே முள் எங்கே நிற்கிறது என்று பிறகு யாராலும் பார்க்க முடியாது. போகட்டும், அதைப் பார்க்கிறவர்கள்தான் யார்? அடுத்த ஆயுத பூஜை வரையில் அந்தப் பக்கம் ஒருவரும் திரும்புவதில்லை!

தீயணைப்புக் கருவி என்னும் இந்தச் சிவப்பு உருளைக்கும் மற்ற சாமான்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. லாரி கெட்டுப்போனால் நடுரோட்டில் நின்று ஊரைக் கூட்டிவிடும். மிக்ஸி கெட்டுப்போனால் அன்றைக்கே சட்னி இல்லாத இட்லி வந்து விஷயத்தைச் சொல்லிவிடும். தீயணைப்புக் கருவியோ கெட்டுப்போனதை யாருக்கும் தெரிவிக்காமலே கெட்டுப்போகிற சாமான். பார்வைக்கு அதே சிவப்பு, அதே மிடுக்கு. அது வேலை செய்யாது என்பது நமக்குத் தெரியவருகிற நாள், அது நமக்கு வேண்டியிருக்கிற நாள்தான். அன்றைக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்?

ஆகவேதான் 'எத்தனை நாளைக்கு ஒரு முறை இதைப் பார்க்க வேண்டும்?' என்ற கேள்வி, கேட்பதற்குச் சாதாரணமாக இருந்தாலும், உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி ஆகிறது.

வினாடிக் கணக்கு

எந்தத் தீயும் பிறக்கும்போது குழந்தைதான். வாணலி அளவு, குப்பைக்கூடை அளவு, ஸ்விட்ச் போர்டு அளவு. அந்த நிலையில் அதை ஒரு மனிதர் தனியாக நின்று அணைத்துவிடலாம். தீயணைப்பு வண்டி எவ்வளவு வேகமாக மணி அடித்துக்கொண்டு வந்தாலும், நம் தெரு நெரிசலைத் தாண்டி வந்து சேரச் சில நிமிஷங்கள் ஆகத்தான் செய்யும். அதற்குள் குழந்தை பூதமாகிவிடுகிறது. பிறந்ததற்கும் பூதமானதற்கும் இடையில் உள்ள அந்தச் சிறு அவகாசத்துக்காக மட்டும் செய்யப்பட்டதுதான் இந்தக் கருவி.

அதற்குள் இருக்கும் சரக்கும் அதிகம் இல்லை. வீடுகளுக்கு வாங்குகிற சின்னக் கருவி சுமார் பத்து வினாடி பீச்சி அடிக்கும், அவ்வளவுதான். பத்து வினாடியில் இரண்டு வினாடி வீணானாலே பெரிய நஷ்டம். பத்தும் வீணானால்?

உள்ளே என்ன இருக்கிறது?

இருநூறு வருஷங்களுக்கு முன்பு இங்கிலாந்தில் ஜார்ஜ் வில்லியம் மான்பி என்று ஒரு ராணுவக் காப்டன் இருந்தார். எடின்பரோ நகரத்தில் ஒரு கட்டடம் தீப்பிடித்து எரிந்தபோது, மேல் மாடித் தீயை எட்ட முடியாமல் தீயணைக்கிறவர்கள் தவித்ததைப் பார்த்தார். ஒரு செம்புப் பாத்திரத்தில் மூன்று காலன் சாம்பல் உப்புக் கரைசலை ஊற்றி, மேலே காற்றை அழுத்தி அடைத்து, ஒரு மனிதர் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய கருவி ஒன்றைச் செய்தார். இன்றைய கருவிகளின் பாட்டனார் அதுதான்.

பிறகு சோடாவும் அமிலமும் கலந்து பொங்கும் கருவிகள் வந்தன. பழைய சினிமாக் கொட்டகைகளில், மணல் வாளிகளுக்குப் பக்கத்தில் கூம்பு வடிவத்தில் தொங்கினவற்றைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அவை வழக்கொழிந்துவிட்டன. இப்போது நாம் அதிகமாகக் காண்பவை இரண்டு வகை.

முதலாவது, பவுடர் கருவி. உள்ளே மாவு மாதிரியான ரசாயனத் தூள்; அதை வெளியே தள்ளுவதற்கு அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயு. அழுத்தம் கார் டயரில் உள்ளதைப் போல் ஆறேழு மடங்கு. மேலே மீட்டர் இருக்கும். 'ஏ.பி.சி.' என்று எழுதியிருந்தால் மரம், துணி, காகிதம் முதலியவற்றுக்கும், பெட்ரோல், மண்ணெண்ணெய் போன்ற திரவங்களுக்கும், காஸுக்கும் அது உதவும். வீட்டுக்கு ஏற்றது இது.

இரண்டாவது, கார்பன்-டை-ஆக்ஸைடு கருவி. குழாயின் முனையில் கறுப்பாக ஒரு புனல் இருக்கும், மீட்டர் இருக்காது. மின்சாரப் பலகைகளுக்கும் கம்ப்யூட்டர் அறைகளுக்கும் ஏற்றது.

இவை இரண்டும் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்போதே கெட்டுப்போவது எப்படி? கொல்லையில் நிறுத்திவைத்த சைக்கிள் ஒரு அடிகூட ஓடாமலே டயர் இறங்கிப்போவதில்லையா? அப்படித்தான். ரப்பர் வளையம் காய்ந்து, மயிரிழை வழியாக வாயு கசிகிறது. பவுடரோ ஈரம் பட்டால் கட்டி தட்டிவிடுகிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேறு உருளையின் அடிப்புறத்தை அரித்துத் தின்கிறது. இவை எல்லாம் ஒரே நாளில் நடப்பவை அல்ல. அதனால்தான் மாதக் கணக்கு, வருஷக் கணக்கு என்று வைத்திருக்கிறார்கள்.

மாதம் ஒரு முறை: உங்கள் வேலை

இதற்கு நிபுணர் வேண்டாம். காசும் வேண்டாம். புது மாதம் பிறந்ததும் காலண்டர் தாளைத் திருப்புகிறீர்கள் அல்லவா? அன்றைக்கே ஒரு நிமிஷம் ஒதுக்கி இதையும் பாருங்கள்.

கருவி அதன் இடத்தில் இருக்கிறதா? வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்திருக்கும் ஆபீஸ்களும் உண்டு! அதன் முன்னால் அரிசி மூட்டையோ, உடைந்த நாற்காலியோ, பழைய பேப்பர் கட்டோ இல்லாமல் கை நீட்டினால் எடுக்கும்படி இருக்க வேண்டும்.

மீட்டர் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா? சிவப்புப் பக்கம் சாய்ந்திருந்தால் அழுத்தம் சரியில்லை. உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

கைப்பிடியில் பின் செருகியிருக்கிறதா? அதன் சீல் அறுபடாமல் இருக்கிறதா? சீல் அறுந்திருந்தால் யாரோ அதை உபயோகித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுப் பிள்ளை ஒரு வினாடி அழுத்திப் பார்த்திருந்தாலும் போதும். வால்வின் வாயில் பவுடர் துகள் ஒட்டிக்கொண்டு, மிச்ச வாயு மெல்ல மெல்ல வெளியேறிவிடும். ஆகையால் ஒரு வினாடி உபயோகித்த கருவியும் திரும்ப நிரப்ப வேண்டிய கருவிதான்.

ரப்பர் குழாயில் வெடிப்பு உண்டா? அதன் வாய் அடைத்திருக்கிறதா? இது நம் ஊருக்கு மிகவும் முக்கியம். குளவிக்கு இடுக்குகளைக் கண்டால் கொண்டாட்டம். சாவித் துவாரத்தில் மண் கூடு கட்டுகிற குளவி, இந்தக் குழாயை மட்டும் சும்மா விடுமா?

உருளையில் துரு, ஒடுக்கு, பெயர்ந்த பெயிண்ட் இருக்கிறதா? அடிப்புறத்தையும் தூக்கிப் பாருங்கள். தரை ஈரம் முதலில் பிடிப்பது அங்கேதான். பவுடர் கருவியாக இருந்தால், தூக்கின கையோடு ஒரு முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தி வையுங்கள். அடியில் படிந்த தூள் கொஞ்சம் இளகும்.

பார்த்து முடித்ததும் கருவியில் தொங்கும் சீட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். சீட்டு இல்லையா? ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள். எழுதி வைக்காத கணக்கு, பார்க்காத கணக்கு.

வருஷம் ஒரு முறை: நிபுணர் வேலை

மாதா மாதம் நாம் பார்ப்பது வெளித் தோற்றம். உள்ளே இருப்பதை வருஷத்துக்கு ஒரு முறையாவது விஷயம் தெரிந்தவர் வந்து சோதிக்க வேண்டும். வால்வு, வளையம், குழாய் எல்லாவற்றையும் பார்த்து, உருளையை நிறுத்து எடை போடுவார்.

கார்பன்-டை-ஆக்ஸைடு கருவிக்கு மீட்டர் இல்லை என்றோம். அதற்கு எடைதான் நாடி. உள்ளே இருக்க வேண்டிய சரக்கில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் திரும்ப நிரப்பியாக வேண்டும். நாலரைக் கிலோ கருவி என்றால், 450 கிராம் குறைந்தாலே அது நோயாளி. காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் தராசில் மாட்டிக் காட்டச் சொல்லுகிற நம் தாய்மார்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வந்தவர் பழைய சீட்டின் மேல் புதுச் சீட்டை ஒட்டிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போகாதபடி பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. பக்கத்திலேயே நில்லுங்கள். எடை என்ன என்று கேளுங்கள். நிரப்பினதாகச் சொன்னால் சீல் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தை பார்க்கிறோமே!

இந்த வருஷச் சோதனைக்கு எந்த நாளை வைத்துக்கொள்ளலாம்? ஏப்ரல் 14 தேசியத் தீயணைப்புச் சேவை நாள். 1944-ல் அதே தேதியில் பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில், பருத்திப் பொதிகளையும் வெடிமருந்தையும் சேர்த்தே ஏற்றி வந்திருந்த 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்ற கப்பலில் தீப்பிடித்தது. பிற்பகலில் பருத்திப் பொதிகளிலிருந்து புகைந்த தீயைத் தண்ணீர் பாய்ச்சி அணைக்கப் போராடினார்கள், முடியவில்லை. நாலு மணி தாண்டிச் சில நிமிஷங்களில் கப்பல் வெடித்துச் சிதறியது. நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். தீயை எதிர்த்து நின்ற 66 தீயணைப்பு வீரர்களும் அவர்களில் அடக்கம். அவர்கள் நினைவாகத்தான் அந்த நாளும், அதிலிருந்து தொடங்கும் வாரமும் நாடு முழுவதும் அனுசரிக்கப்படுகின்றன. நமக்கு அந்தத் தேதியை மறக்கவே முடியாது. பெரும்பாலும் அன்றுதான் சித்திரை முதல் நாள்! பஞ்சாங்கம் படித்து, வேப்பம்பூப் பச்சடி சாப்பிட்ட கையோடு, 'இந்த வாரத்துக்குள் ஆளை வரவழைக்க வேண்டும்' என்று நினைத்துக்கொண்டால் சரி.

உடம்புக்கும் வயது உண்டு

வாயுவும் பவுடரும் புதிதாக இருந்தாலும், அவற்றை அடைத்து வைத்திருக்கும் உருளை பழசாகிக்கொண்டே இருக்கிறது. உள்ளே துரு அரித்திருந்தால், தேவையான சமயத்தில் கைப்பிடியை அழுத்தும்போது தீயைவிடக் கருவியே ஆபத்தாக முடியலாம். ஆகையால் உருளைக்குள் தண்ணீரை அதிக அழுத்தத்தில் செலுத்தி, தாங்குகிறதா என்று சோதிக்கிறார்கள்.

நம் நாட்டில் இதற்கு இந்தியத் தர நிர்ணயத்தின் 2190-ஆம் எண் நெறி இருக்கிறது. அதன் 2010-ஆம் ஆண்டுப் பதிப்பு, தண்ணீர், நுரை, பவுடர் கருவிகளுக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு முறையும், கார்பன்-டை-ஆக்ஸைடு கருவிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையும் இந்தச் சோதனையை வகுத்தது. ஆயுளையும் வகுத்தது: முதல் மூன்றுக்கும் பத்து வருஷம், கார்பன்-டை-ஆக்ஸைடுக்குப் பதினைந்து. இத்தகைய நெறிகள் அவ்வப்போது திருத்தப்படும். ஆகவே சோதனைக்கு வருகிறவரிடம் இப்போதைய கெடுவைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. உருளையில் பொறித்திருக்கும் தயாரிப்பு வருஷத்தை இன்றே பார்த்து வையுங்கள். 'தாத்தா காலத்துக் கருவி, இன்னும் கல் மாதிரி இருக்கிறது' என்று பெருமைப்படுவதற்கு இது வெண்கல உருளி அல்ல.

பச்சை முள் மட்டும் போதுமா?

போதாது. முள் காட்டுவது அழுத்தத்தை மட்டும்தான். 2017 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சேர்ந்து ஏறக்குறைய நாலு கோடி தீயணைப்புக் கருவிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். பிளாஸ்டிக் கைப்பிடி வைத்த கருவிகள் அவை. அடைத்துக்கொண்டு பீச்சாமல் போகலாம், அல்லது அழுத்துவதற்கு அளவுக்கு மீறின பலம் வேண்டியிருக்கலாம் என்பதுதான் காரணம். 2014-ல் அங்கே ஒரு கார் மோதித் தீப்பற்றியபோது, உதவிக்கு ஓடி வந்தவர்கள் கையில் இருந்த அத்தகைய கருவிகள் வேலை செய்யவில்லை. ஓர் உயிர் போயிற்று. நாம் மாதா மாதம் பார்ப்பதும், நிபுணர் வருஷா வருஷம் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, இரண்டும் வேண்டும்.

பிள்ளைகள் படிக்கும் இடம்

2004 ஜூலை 16-ந் தேதியை நம் மாநிலம் மறக்காது. கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் இடத்திலிருந்து கிளம்பிய தீ, கூரை ஓலையில் பற்றி வகுப்புகளுக்குள் இறங்கியது. 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். அந்தத் துயரத்தையொட்டித் தொடரப்பட்ட வழக்கில், 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. நாடு முழுவதும் பள்ளிகளில் தீயணைப்புக் கருவிகளைக் கண்ணில் படும் இடங்களில் வைக்க வேண்டும், அவற்றை இயக்க ஆசிரியர்களும் ஊழியர்களும் பயிற்சி பெற வேண்டும் என்று உத்தரவிட்டது.

கருவிகள் வந்தன. சுவரில் ஏறின. இனி அவற்றைப் பார்ப்பது யார்? பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறீர்கள். கணக்கில் எத்தனை மார்க், ஆங்கிலத்தில் எத்தனை மார்க் என்று கேட்கிறீர்கள். திரும்பும் வழியில், வராந்தாவில் தொங்கும் சிவப்பு உருளையின் சீட்டில் கடைசியாக எந்தத் தேதி எழுதியிருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். தேதி பழசாக இருந்தால் தலைமையாசிரியரிடம் பணிவாகச் சொல்லுங்கள். நல்ல தலைமையாசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார், நன்றி சொல்லுவார்.

"எங்கள் வீட்டில் அதெல்லாம் கிடையாதே!"

அப்படிச் சொல்லுகிறவர்களும் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். அடுக்கு மாடி வீட்டில் குடியிருந்தால், மாடிப்படித் திருப்பத்தில் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். அது சங்கத்துக்குச் சொந்தம் என்று விட்டுவிடாதீர்கள். தீ, சங்கத்துக்கும் வீட்டுக்கும் பேதம் பார்ப்பதில்லை. தனி வீடாக இருந்தால் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சின்னப் பவுடர் கருவி ஒன்று வாங்கி, சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள். அடுப்பு எரியும்போது அதைத் தாண்டிக் கையை நீட்டி எடுக்க முடியுமா?

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் மட்டும் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் எண்ணெய் வெடித்துச் சிதறும். அடுப்பை அணைத்துவிட்டு ஒரு தட்டால் சட்டியை மூடிவிடுங்கள். அந்தத் தட்டும் ஒரு தீயணைப்புக் கருவிதான்!

சமையலறையில் இன்னொரு தேதியும் இருக்கிறது. காஸ் சிலிண்டரின் தலையில், கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் 'ஏ', 'பி', 'சி', 'டி' என்று ஓர் எழுத்தும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். வருஷத்தின் நாலு கால்பகுதிகள் அவை. 'டி 27' என்றால் 2027 அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள காலத்தில் அந்த உருளைக்கு மறு சோதனை என்று அர்த்தம். கெடு தாண்டிய சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்ப உங்களுக்குப் பூரண உரிமை உண்டு.

எடுத்து அடிக்கும்போது

கடைசியாக, உபயோகிக்கும் முறை. பின்னை உருவுங்கள். குழாயின் வாயை ஜ்வாலையின் நுனிக்கு அல்ல, அடிக்குக் காட்டுங்கள். கைப்பிடியை அழுத்துங்கள். இடமும் வலமுமாக, தரை பெருக்குவது போல வீசுங்கள். வெளியே போகும் வழி உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கருவி தீர்ந்தும் தீ தீரவில்லையானால் வீரம் காட்ட வேண்டாம். எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறி, 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். சாமான் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

இந்தக் காரியத்தில் பெரிய செலவு இல்லை, பெரிய படிப்பும் இல்லை. மாதத்துக்கு ஒரு நிமிஷம் என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம்தான். அடுத்த பக்கத்துத் தொடர்கதையில் கதாநாயகி என்ன ஆனாள் என்று தெரிந்துகொள்ளத் துடித்துக்கொண்டிருப்பீர்கள். அவள் ஒரு நிமிஷம் காத்திருப்பாள். பத்திரிகையை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய், மாடிப்படித் திருப்பத்தில் தொங்கும் அந்த மீட்டரின் தூசியைத் துடைத்துப் பாருங்கள். முள் எங்கே நிற்கிறது?